தேர்தலில் காலமான ஆசிரியர்

பத்திரிகைக்குப் பக்கம் வடிவமைத்துக் கட்டுவது பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் அக்கா என்று கேட்டிருந்தீர்கள். அதை எழுதி என்ன காணப்போகிறீர்கள்? நான் பழகிய மென்பொருளை இன்றைக்கு இலவசமாகக் கொடுத்தாலும் ஒருவரும் தொடமாட்டார்கள். நீங்களோ இணையத்தில் பத்திரிகை நடத்துகிறவர்கள். ஒருவர் கண்ணை மூடி அரைமணி நேரத்துக்குள் படத்தோடு மரண அறிவித்தல் போட்டுவிடுகிறீர்கள். அந்த வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. ஏன் பயம் என்று சொல்கிறேன். அது நான் செய்த ஒரு பிழையின் கதை. பத்தொன்பது வருட வேலையில் எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் இன்னும் எனக்கு நானே மன்னிக்கவில்லை.

எங்கள் மாதப் பத்திரிகை டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்து ஊரொன்றில், ஒரு பூக்கடைக்குக் கீழேயிருந்த நிலவறையில் நடந்தது. குளிர்காலத்தில்கூட மேலேயிருந்து ரோசாப்பூ வாசம் இறங்கும். கீழே நானும் ஆசிரியர் அண்ணையும். அவர் கிழமை நாட்களில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்வார். வேலை முடிந்ததும் நேரே நிலவறைக்கு வந்து தலையங்கம் எழுதுவார். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் அகதியாக வந்து இறங்கியவர்களில் ஒருவர். கோபம் சட்டென்று வரும், சிரிப்பு அதைவிடச் சட்டென்று வரும். யாழ்ப்பாணத்தில் இருந்த தன் தாயாருக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு பிரதியை உறையிலிட்டுத் தன் கையாலேயே விலாசம் எழுதுவார். அந்த ஒரு பிரதிக்கு மட்டும் என்னை முத்திரை ஒட்டவும் விடமாட்டார்.

ஒருமுறை அந்த ஊர் நகரசபை ஏதோ விழா எடுத்தது. வெளிநாட்டவர் சங்கங்களும் பத்திரிகைகளும் ஊரின் பழைய மனிதர் ஒருவரைப் பற்றித் தங்கள் மொழியில் எழுதலாம் என்று கடிதம் வந்தது. ஆசிரியர் அண்ணை நகர ஆவணக் காப்பகத்துக்குப் போனார். தலைமயிரில் பென்சில் செருகியிருக்கும் உயரமான பெண்மணி ஒருவர் அங்கே பொறுப்பாக இருந்தார். இவரும் பத்திரிகைக்காரர் என்று அறிந்ததும், நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய வாரப் பத்திரிகை ஒன்றின் அட்டை போட்டுக் கட்டிய தொகுப்பைத் தூக்கிவந்து முன்னால் வைத்திருக்கிறார். அதன் ஆசிரியர் அந்த ஊர்க்காரர், பாண் சுடுகிற பேக்கரிக்காரரின் மகன். அவரிடம்தான் எங்கள் ஆள் விழுந்தார்.

அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஊர்ச் சனங்கள் அவருக்கு வைத்த பட்டம் மூட்டைக்காரர். அரசாங்கம் விரும்பாததை எழுதினால் ஆசிரியரைப் பிடித்துச் சிறையில் வைக்கும் காலம் அது. ஆகையால் அவர் பத்திரிகைக் கந்தோர் வாசலில் எப்போதும் ஒரு துணிமூட்டையைக் கட்டியே வைத்திருந்தார். அதற்குள் இரண்டு சோடி காலுறை, ஒரு சவர்க்காரம், ஒரு சதுரங்கப் பலகை. பொலிஸ்காரர் வந்தால் வாதாடமாட்டார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு நடப்பார். மூன்று தரம் அப்படிப் போய்வந்தார். மூன்றாம் தரம் கூட்டிப்போன பொலிஸ்காரருக்குச் சதுரங்கமும் படிப்பித்துவிட்டாராம்.

அவர் கிறுக்கில் அது கொஞ்சம்தான். தன்னைத் திட்டி வரும் கடிதங்களை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுவார். தன் பதிலைக் கடைசிப் பக்கத்தில், மாட்டுத் தீவன விளம்பரத்துக்குக் கீழே போடுவார். தணிக்கை அதிகாரி ஒரு பந்தியை வெட்டினால், அந்த இடத்தில் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், சமைக்கும் முறை வரும். கோவா பெரிதாக இருந்தால் பெரிய விஷயம் ஒன்று வெட்டுப்பட்டிருக்கிறது என்று வாசகர்களுக்கு விளங்கும். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்காக வியாழக்கிழமைகளில் சந்தையில் ஒரு பீப்பாய் மேலே ஏறி நின்று முழுப் பத்திரிகையையும் வாசிப்பார். கேட்பவர்கள் சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்தால், பென்சிலை எடுத்து அந்த வரியை அங்கேயே வெட்டுவார்.

ஆசிரியர் அண்ணை அந்தக் கோணல்மாணலான பழைய ஜெர்மன் எழுத்தை வாசிக்கவே இரண்டு மாதம் பழகினார். பிறகு மூட்டைக்காரரின் வாழ்க்கை எங்கள் பத்திரிகையில் தொடராக வந்தது. வாசகர்கள் விழுந்து விழுந்து வாசித்தார்கள். ஆசிரியர் அண்ணைக்கு மூட்டைக்காரரின் ஆவி பிடித்துவிட்டது என்று நான் பகிடி பண்ணுவேன். உண்மையில் பிடித்துத்தான் இருந்தது. ஆசிரியர் அண்ணையைக் கோயில் பற்றி எழுதத் தகுதியில்லாதவர் என்று திட்டி வந்த கடிதம் எங்கள் முதல் பக்கத்தில் வந்தது. நிலவறை வாசலில் ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் காலுறைகூட இருந்தது, நான் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குத் தந்திருந்த பள்ளிக்கூட அறைகளை நகரசபை திருப்பிக் கேட்டது. பெற்றோர் அன்றாக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்தார்கள், பதில் இல்லை. டெர்மின் என்று சந்திக்க நேரம் எடுத்துக்கொண்டு போனால் அதிகாரி விடுமுறையில் என்றார்கள். நகரசபைக்கு ஆலோசனை சொல்ல வெளிநாட்டவர்களுக்கென்று ஒரு சபை இருந்தது, அதற்குத் தேர்தல் வரவிருந்தது. ஆசிரியர் அண்ணை தான் நிற்பதாக முடிவெடுத்தார். மூட்டைக்காரரும் கடைசியில் அரசியலுக்குத்தானே போனார், மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானார்.

மூட்டைக்காரர் தெரிவான கிழமை தன் பத்திரிகையில் கறுப்புக் கட்டம் போட்டு ஒரு மரண அறிவித்தல் வெளியிட்டிருந்தார். இப்பத்திரிகையின் ஆசிரியர் காலமானார், காரணம் தேர்தல், இனி அவர் ஒரு வரியும் இங்கே எழுதமாட்டார், ஏனென்றால் அரசியல்வாதி தன்னைப்பற்றித் தானே எழுதக்கூடாது. இவ்வளவுதான் அதன் சாரம். ஆசிரியர் அண்ணை அதைக் கண்டுவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினார். தான் தேர்தலில் நிற்கும் செய்தியையும் அதேபோல அறிவிக்கவேண்டும் என்று நின்றார். நானும் சிரித்துக்கொண்டு ஓம் என்றேன். எங்களுக்குள் அன்றைக்கு ஒருவருக்கும் மண்டை வேலை செய்யவில்லை.

அவர் எழுதித் தந்தது முதல் பக்கத்துக்கு, மூட்டைக்காரரின் தொடருக்குக் கீழே. அங்கே வந்திருந்தால் சின்னப்பிள்ளைக்கும் பகிடி விளங்கியிருக்கும். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்கு முந்தி வந்த இதழ் அது, திருவிழா விளம்பரம் முதல் பக்கத்தை விழுங்கிவிட்டது. மரண அறிவித்தல் பக்கத்தில் கால்வாசி இடம் வெறுமையாகக் கிடந்தது. நான் தூக்கி அங்கே வைத்தேன். வைத்ததோடு விட்டேனா? படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ஜெர்மனியை வதிவிடமாகவும் கொண்ட அன்னார் காலமானார் என்ற முதல் பகுதி, வழக்கமான பெரிய எழுத்தில். தேர்தலும் பகிடியும் வரும் மிச்சப் பகுதி இடம் போதாமல் கீழே சின்ன எழுத்தில். அவ்வளவு அச்சொட்டாகச் செய்து முடித்துவிட்டு, என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். ஆசிரியர் அண்ணை தொழிற்சாலையில் இருந்தார். இடம் மாற்றியதை அவரிடம் சொல்லவும் இல்லை.

எங்கள் சனம் பத்திரிகையைப் பின்னாலிருந்து வாசிக்கிற சனம். உறையைக் கிழித்ததும் முதலில் பார்ப்பது மரண அறிவித்தல் பக்கம். அதிலும் படம், பெயர், ஊர். அதோடு கை தொலைபேசிக்குப் போய்விடும்.

தேருக்கு முதல்நாள், சனிக்கிழமை. தபாலில் பத்திரிகை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த நேரம். நான் நிலவறையில், போன மாதம் விலாசம் பிழைத்துத் திரும்பிவந்த உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அழைப்பு எசன் நகரத்து முதியவர் ஒருவர். அவர் வணக்கமும் சொல்லவில்லை, எப்ப எடுக்கினம் என்றுதான் கேட்டார். எதை என்று கேட்டு, பிரேதத்தை என்று விளங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது அழைப்பு ஸ்ருட்காட்டிலிருந்து, செத்தவீட்டுக்கு வர வாகனம் ஒழுங்கு செய்கிறார்களாம். அதற்கும் சிரித்தேன். ஐந்தாவது அழைப்பில் சிரிப்பு நின்றது. ஆசிரியர் அண்ணை வீட்டுக்கு எடுத்தேன், ஒருவரும் இல்லை. அவரும் அண்ணியும் காலையிலேயே ஊன்ட்றொப்புக்குப் போயிருந்தார்கள், திருவிழாவில் தேர்தல் துண்டுப்பிரசுரம் கொடுக்க. கைத்தொலைபேசியை அவர் காருக்குள் போட்டுவிட்டுத்தான் திரிவார். வீட்டுத் தொலைபேசியை ஒருவரும் எடுக்காதது, அழைத்துப் பார்த்த சனத்துக்குச் செய்தியை இன்னும் உறுதியாக்கியிருந்தது.

மதியத்துக்கு முதல் யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு வந்தது. அப்போது சமாதானப் பேச்சு நடந்த காலம், ஊரில் அநேகம் வீடுகளுக்குத் தொலைபேசி வந்திருந்தது. பேசியவர் ஆசிரியர் அண்ணையின் தங்கை கணவர். தாயார் அவர்களோடுதான் இருந்தார். டோட்முண்டில் பத்திரிகை பார்த்த ஒருவர் கனடாவுக்குச் சொல்லி, கனடா யாழ்ப்பாணத்துக்குச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண் அழுதுகொண்டே படலையைத் திறந்து வந்துவிட்டாராம்.

"அக்கா, மறைக்காமல் சொல்லுங்கோ. மாமியைச் சமாளிக்க எங்களாலை ஏலாமல் கிடக்கு" என்றார்.

"தம்பி, அவர் சுகமாய் இருக்கிறார். கோயிலடியிலை நிக்கிறார். ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ."

"விளங்குது அக்கா" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் விம்மினார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஆட்கள் சாவுச் செய்தியை எப்போதாவது நேரே சொன்னதுண்டா? முதலில் ஒன்றுமில்லை, சுகமாய் இருக்கிறார் என்போம். பிறகு கொஞ்சம் சுகமில்லை என்போம். பிறகு ஆஸ்பத்திரி. கேட்பவர் படிப்படியாக அறிந்துகொள்ளவேண்டும் என்பது எங்கள் முறை. நான் எவ்வளவுக்கு மறுத்தேனோ, அவ்வளவுக்கு அவர்கள் நம்பினார்கள். என் வாயிலிருந்து வரும் எந்த உண்மையும் இனி எடுபடாது. அவருடைய குரல் அந்தத் தாயின் காதில் விழவேண்டும், அதுவும் உடனே. தாயாருக்கு இருதய வருத்தம் என்று எனக்குத் தெரியும்.

கோயில் அலுவலகத்துக்கு எடுத்தேன். தொண்டர் ஒருவர் எடுத்தார். ஒலிபெருக்கியில் இன்னாரைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் காலமாகிவிட்டார் அக்கா, பேப்பரில் கிடக்கிறது என்றார். அந்தப் பேப்பரிலிருந்துதான் கதைக்கிறேன் என்றேன். சாமி புறப்படுகிற நேரத்தில் பகிடி விடாதேங்கோ என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்தேன். உண்மையைச் சொல்லிப் பலனில்லை, நம்பக்கூடிய ஒன்றைச் சொல்லவேண்டும். எத்தனையோ தரம் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றி இறக்கிய அவருடைய காரின் இலக்கம் எனக்கு மனப்பாடம். திரும்ப எடுத்து, குரலைக் கொஞ்சம் மாற்றி, வாய்க்கால் கரையில் இந்த இலக்கக் கார் அம்புலன்ஸ் வரும் பாதையை மறித்துக்கொண்டு நிற்கிறது, பொலிஸ் இழுத்துக்கொண்டு போகப்போகிறது என்றேன். அடுத்த நிமிடம் ஒலிபெருக்கியில் இலக்கம் வந்திருக்கிறது. ஜெர்மனியில் எங்கள் ஆள் ஒருவரை ஓடிவரச் செய்ய அதைவிட வேறு வழியில்லை. பத்து நிமிடத்தில் ஆசிரியர் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலுவலகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அந்தத் தொண்டர் கதிரையிலிருந்து எழும்பிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாராம்.

யாரோ கொடுத்த தொலைபேசி அட்டையைச் சுரண்டி ஊருக்கு எடுத்தார். அங்கே முற்றம் முழுக்கச் சனம். தாயாரின் கையில் ரிசீவரைக் கொடுத்திருக்கிறார்கள். என்ன நடந்தது என்று பின்னேரம் அவர் நிலவறைக்கு வந்து சொன்னார். அம்மா, நான்தான் கதைக்கிறேன், அது பகிடி, கீழே சின்ன எழுத்தில் விளக்கம் இருக்கிறது, பேப்பர் வந்ததும் வாசித்துப் பாருங்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். தாயார் ஒன்றே ஒன்று சொன்னாராம்.

"உன்ரை பேப்பர் பொய் சொல்லாது எண்டு நான்தானேடா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான்."

இதைச் சொல்லிவிட்டு ஆசிரியர் அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டார். அறிவித்தலை இடம் மாற்றியது நான் என்று சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். எழுதினது நான்தானே தங்கச்சி என்று மட்டும் சொல்லி வாசலில் தொங்கிய துணிப்பையைக் கழற்றி மேசைக்கடியில் வைத்தார். அடுத்த இதழின் முதல் பக்கத்தில் இரண்டு பேரின் பெயரோடும் மன்னிப்பு வந்தது.

பிறகொரு நாள் நான் அந்தக் காப்பகத்துக்குப் போனேன். பென்சில் செருகிய பெண்மணியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் அடுத்த தொகுப்பை எடுத்து வந்தார். மூட்டைக்காரரின் மரண அறிவித்தல் நாங்கள் பார்த்த தொகுப்பின் கடைசி இதழில் வந்திருந்தது. அடுத்த கிழமை இதழ் இந்தத் தொகுப்பில், முதலாவதாகக் கிடந்தது. அதன் முதல் பக்கத்தில் மூட்டைக்காரரின் மன்னிப்பு. பக்கத்துக் கிராமத்திலிருந்த அவருடைய சகோதரி அறிவித்தலை நம்பி, பனிக்குள்ளால் அரைநாள் நடந்து, சவத்துக்குப் போர்த்த வெள்ளைத் துணியோடு வந்து சேர்ந்திருக்கிறார். அந்தக் கறுப்புக் கட்டத்தை இனி ஒருபோதும் விளையாட்டுக்குத் தொடமாட்டேன் என்று எழுதியிருந்தார். நாங்கள் பட்ட பாட்டையெல்லாம் அவர் எங்களுக்கு முன்னமே பட்டு, எழுதியும் வைத்திருந்தார். அடுத்த தொகுப்பைக் கேட்டு வாங்க எங்களுக்குத்தான் தோன்றவில்லை. பிள்ளைகளே, ஒரு நல்ல சங்கதி கிடைத்ததும் துள்ளிக் குதிக்காமல், அதற்கு அடுத்த கிழமை என்ன நடந்தது என்று பாருங்கள். இவ்வளவுதான் நான் உங்களுக்குத் தொழிலில் சொல்லக்கூடியது.

தேர்தலில் ஆசிரியர் அண்ணை வென்றார். செத்துப் பிழைத்தவருக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடுவது என்று சனம் கதைத்ததாம். வென்ற நாளிலிருந்து மூட்டைக்காரரைப் போலவே பத்திரிகையில் ஒரு வரி எழுதவில்லை. ஆசிரியர் கதிரை எனக்கு வந்தது. பள்ளிக்கூட அறைகளைத் திரும்ப வாங்கிக் கொடுத்தபோது மட்டும், அதைப்பற்றி ஒரு பக்கச் செய்தியோடு படியிறங்கி வந்தார். நான் நாலு வரியாக வெட்டினேன். பார்த்துவிட்டு, மூட்டைக்காரன் என்றால் இரண்டு வரிதான் விட்டிருப்பான் என்று சிரித்தார். பதவிக்காலம் முடிந்ததும் மூட்டைக்காரர் பிறப்பு அறிவித்தல் போட்டுத் திரும்பப் பத்திரிகைக்கு வந்தாராம். நானும் வருவேன், ஆனால் கட்டம் இல்லாமல், முதல் பக்கத்தில் என்று ஆசிரியர் அண்ணை எனக்குச் சொல்லி வைத்திருந்தார்.

வரவில்லை. நாலாவது வருடம், தொழிற்சாலை பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. நான் இதை எழுதும்போதும் மேலேயிருந்து பூக்கடையின் வாசம் வருவதுபோல இருக்கிறது. அவரைப்போல ஒரு மனிதரோடு வேலை செய்யக் கொடுத்துவைத்திருந்தேன்.

அப்போது ஊரில் திரும்பவும் சண்டை. யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். தங்கையும் கணவரும் தாயாருக்கு முறைப்படி முதலில் சுகமில்லை என்றும், பிறகு ஆஸ்பத்திரி என்றும், பிறகு உண்மையையும் சொல்லியிருக்கிறார்கள். தாயார் அழவில்லையாம். முன்னமும் இப்படித்தான் சொன்னார்கள், பேப்பர் வரட்டும் என்றாராம்.

அந்த அறிவித்தலை நான்தான் கட்டினேன். எல்லா வரியும் ஒரே அளவு எழுத்தில். கீழே ஒரு சொல்லும் சின்னதாக வைக்கவில்லை. உறையில் என் கையால் விலாசம் எழுதி முத்திரை ஒட்டினேன். தபால்பெட்டிக்கு முன்னால் நின்று, போடாமல் விட்டால் அந்த மனுசிக்கு மகன் இன்னும் கொஞ்சக் காலம் இருப்பார் என்று நினைத்தேன். பிறகு போட்டேன். அது போய்ச்சேர இரண்டு மாதத்துக்குக் கிட்ட எடுத்தது. அவ்வளவு நாளும் தாயார் காலைத் தேநீரோடு படலையடியில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

வந்த அன்று என்ன நடந்தது என்று தங்கை எனக்குத் தொலைபேசியில் சொன்னார். தாயார் தானே உறையைப் பிரித்தார். நேரே அந்தப் பக்கத்துக்குப் போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். பிறகு கறுப்புக் கட்டத்தின் அடியில் விரலை வைத்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்வரை மெல்லத் தடவிக்கொண்டு போய், மகளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"கீழை சின்ன எழுத்திலை ஒண்டும் இல்லையோ பிள்ளை?"